முட்டிக்குப் பயந்து உட்கார்ந்துவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு வயது 52. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் ஆப்பரேட்டராக வேலை செய்கிறேன். சர்க்கரை எல்லையைத் தொட்டுவிட்டது என்று டாக்டர் சொன்ன நாளில் இருந்து, ஆறு வருடமாக ஓடுகிறேன். வழியில் பார்க்கும் அக்காமார் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "இந்த வயசுல ஓடுனா முட்டி தேஞ்சிடும்மா." பாசத்தில் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டே எங்கள் புளோக்கில் இரண்டு பேர் நடப்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள். மனது கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கும் முட்டி வலி வந்தது. போன வருடம், பினாங்குப் பாலத்தில் அரை மாரத்தான் ஓடிவிட வேண்டும் என்று ஒரே ஆசை. தண்ணீர்மலைப் பக்கம் இளைஞர் பூங்காவில் புல்லிலும் மண்ணிலும் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தவள், ஜெலுத்தோங் கடலோரச் சிமெண்டு நடைபாதைக்கு மாறினேன். அதே வாரம் அடி மெல்லிய புதுச் சப்பாத்து வாங்கினேன். 4 கிலோமீட்டரை 9 ஆக்கினேன். மூன்றாவது வாரம் மாடிப்படி இறங்கும்போது முட்டிச்சில்லுக்குக் கீழே ஊசி குத்தியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் இறங்க முடிந்தது.

சிமெண்டுதான் காரணம் என்று நினைத்துப் போனேன். பிசியோதெரபி பார்த்த பெண் கேட்ட முதல் கேள்வி, "ஒரே வாரத்துல எத்தனைய மாத்துனீங்க?"

அவர் விளக்கியது எனக்குப் புதிது. நம் கால் ஒரு ஸ்பிரிங் மாதிரி. கெட்டித் தரையில் முட்டி கொஞ்சம் கூட மடங்கிக் கொடுக்கும், மெத்தென்ற தரையில் கால் விறைத்துக்கொள்ளும். இருட்டில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்து, தரை முன்னாலேயே வந்துவிட்டால் தலைவரை அதிருமே, அதை நினைத்துப் பாருங்கள். கால் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்கிறது. தரை மாறினால் கணக்கு உடனே மாறிவிடும், ஆனால் பாரம் வேறு தசைக்குப் போகிறது. அந்தத் தசை பழக வாரக்கணக்கில் ஆகும்.

தூரத்தைப் பாதியாக்கினேன், காலை எட்டி வைப்பதைச் சின்னதாக்கினேன், தொடைக்கும் இடுப்புக்கும் பயிற்சி செய்தேன். பத்து வாரத்தில் வலி போனது.

2017-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு மருத்துவக் கட்டுரையில், உடம்புக்காக ஓடுகிறவர்களில் 3.5 விழுக்காட்டினருக்குத்தான் முட்டியிலோ இடுப்பிலோ மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2. போட்டிக்காகவே ஓடுகிறவர்களில் 13.3. முட்டி நல்லபடியாக இருப்பவர்தான் ஓடவே வருகிறார் என்பதும் இதில் கலந்திருக்கலாம். இருந்தாலும், அளவாக ஓடினால் தேய்ந்துவிடும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

"தைப்பூசத்துக்கு வெறுங்காலோடதான மலை ஏறுறோம், சப்பாத்து எதுக்கு?" என்று என் தம்பி கேட்டான். 1960-ல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை அபேபே பிகிலா வெறுங்காலில் ஓடி வென்றார், உண்மைதான். அவர் கால் அதற்குப் பழகியிருந்தது. டோக்கியோவில் 1964-ல் சப்பாத்து போட்டும் அவரேதான் வென்றார். வெறுங்காலில் ஓடும்போது பலருக்கு முன்பாதம் முதலில் ஊன்றும். குதிகாலில் விழும் இடி குறையும், ஆனால் கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாருக்கும் வேலை கூடும். ஐம்பது வருடம் செருப்பும் சப்பாத்தும் போட்ட கால் ஒரே நாளில் மாறாது.

அப்புறம், நல்ல சப்பாத்தைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்குச் சிலவகை அடிகள் போடாமலே உதிரும். நான் மூன்று வருடம் எடுத்து வைத்திருந்த சோடி, மழை விட்ட ஒரு காலையில் நடுவழியில் பிளந்து கேக் துண்டுபோல் கொட்டியது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கள் புளோக்குக்குப் பின்னால் இருக்கும் திடலைச் சுற்றிச் சிமெண்டு நடைபாதை போடப்போகிறார்கள். போடட்டும், கைத்தடியோடு வருகிறவர்களுக்கு அது தேவை. ஆனால் ஓரத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்குப் புல்லை விட்டுவைக்கக் கூடாதா? இன்று இதில், நாளை அதில் என்று காலை மாற்றி மாற்றிப் பழக்க அது போதும். பள்ளத்தை மட்டும் மண் போட்டு நிரவிக் கொடுங்கள். நின்றுபோன அந்த இரண்டு அக்காவையும் நானே கையைப் பிடித்து அழைத்து வருகிறேன்.

ஜெலுத்தோங் வாசகி,
பினாங்கு