அத்தானுக்கு, இலைச் சுருள் பற்றி

ஸ்காபரோ,
ஜனவரி 18

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகமும் அக்கா, பிள்ளைகள் சுகமும் அறிய ஆவல். நான் அனுப்பிய, இலை சுருண்ட மிளகாய்க் கண்டின் படத்தைப் பார்த்துவிட்டு "குருமன் (பூச்சியால் வருகிற இலைச் சுருள்) அடிச்சிட்டுது, மருந்தை அடி" என்று எழுதியிருந்தீர்கள். நிலாவெளித் தோட்டத்தில் அது ஞாயமான பேச்சு. இங்கே வீட்டுக்குள் நிற்கிற கண்டுக்கு அந்தப் பேச்சு பெரும்பாலும் பிழையாகிவிடும்.

இந்தக் கனடா நாட்டு மாரியை, அதாவது குளிர்காலத்தைச் சொன்னால்தான் விளங்கும். வெளியே பூச்சியத்துக்குக் கீழே 10, 15 பாகை. உள்ளே ஹீற்றர் 22 பாகையில் இரவும் பகலும் ஓடும். குளிர்காற்றில் ஈரம் கொஞ்சம்தான் இருக்கும். அதை உள்ளே எடுத்துச் சூடாக்கினால் ஈரப்பதம் 20, 25 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆடியில் கச்சான் காற்று வீசும்போது முகத்தில் படுகிற வறட்சியை ஐந்து மாதம் அறைக்குள் பூட்டி வைத்த மாதிரி. உதடு வெடிக்கும், கதவுப் பிடியைத் தொட்டால் சுள்ளென்று மின்சாரம் அடிக்கும். இலைக்கும் அதே கதிதான். வேர் குடிக்கிறதைவிட இலை விடுகிற நீர் கூடினால், அது விளிம்பை மேலே மடித்து வள்ளம் மாதிரிக் குவியும். அது நோய் இல்லை, இலை தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற வழி.

வீட்டுக்குள் நிற்கிற கண்டுக்கு வெயிலுக்குப் பதிலாக விளக்குத்தான். அந்த விளக்கு வாங்குகிற கடையைச் சொன்னால் சிரிப்பீர்கள். கஞ்சாக் கண்டு வளர்ப்பவர்களை நம்பி நடக்கிற கடை. 2018 ஒக்டோபர் 17 இலிருந்து கனடாவில் கஞ்சா சட்டப்படி. ஒன்ராறியோவில் ஒரு வீட்டில் 4 கண்டு வரை வளர்க்கலாம். (அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது இந்தப் பந்தியை விட்டுவிடுங்கோ.) அவர்களுடைய பெரிய முறைப்பாடும் இலை சுருளுகிறதுதான். மிளகாய்க்கும் அதற்கும் சோதிக்கிற ஒழுங்கில் பெரிய வித்தியாசம் இல்லை: எந்த இலை, எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது, அடிப்பக்கத்தில் என்ன இருக்கிறது. இந்த மூன்றையும் பார்க்காமல் மருந்துப் போத்தலைத் திறக்கக்கூடாது.

விளக்குக்குக் கிட்ட நிற்கிற உச்சி இலைகள் மட்டும் மேலே மடிந்து, கீழ் இலைகள் நேராக இருந்தால் விளக்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். புறங்கையை உச்சி இலை மட்டத்தில் அரை நிமிடம் பிடித்துப் பார்ப்பார்கள். ஆனால் எல்ஈடி விளக்கில் கை சுடாமலே இலை வெளிறிப்போகும், ஆகவே கையை மட்டும் நம்ப ஏலாது. 15 சென்ரிமீற்றர் உயர்த்திவிட்டு நாலைந்து நாள் பொறுத்தால் தெரியும். சூடும் வறட்சியும்தான் காரணமென்றால் விளக்கு அணைந்த பிறகு இரவில் இலை ஓரளவு விரியும். பூச்சி செய்த சுருள் இரவிலும் விரியாது. சின்ன ஈரப்பதமானி சில டொலருக்குக் கிடைக்கும்; 50 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் போதும். இலைக்குத் தண்ணி தெளிப்பது பத்து நிமிடப் பலன்தான். ஹீற்றர் காற்று நேரே அடிக்கிற இடத்தை விட்டுச் சாடியை நகர்த்துவது அதைவிட மேல்.

இலை கீழ்நோக்கித் தொங்கி, தொட்டால் தடிப்பாக இருந்தால் தண்ணி கூடிவிட்டது. குளிரில் சாடி காய நாளெடுக்கும், ஆனால் ஊர்ப் பழக்கத்தில் தினமும் ஊற்றுகிறவர்கள் அநேகம். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் ஊற்ற வேண்டும். சாடியைத் தூக்கிப் பார்த்தால் பாரத்திலேயே தெரியும். இலை கரும்பச்சையாகி, நுனி மட்டும் பருந்தின் நகம் மாதிரிக் கீழே வளைந்தால் நைதரசன் கூடிப்போச்சு. சாடி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால், சாடியின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு வெறுந்தண்ணி ஊற்றி வடியவிட்டு, உரத்தைப் பாதியாக்க வேண்டும்.

பூச்சியே இல்லை என்று சொல்லவில்லை. கோடை முழுக்க வெளியே நின்ற கண்டைப் பனிக்கு முன் உள்ளே எடுக்கும்போது அதுவும் கூடவே குடிவரும். குருமன் என்று நாங்கள் ஒரே பெயரில் சொல்வதற்குள் இரண்டு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்று பனிப்பூச்சி (இலைப்பேன்). அது சுரண்டின இளம் இலை மேல்நோக்கி மடியும், சுருக்கம் விழும், நரம்போரம் வெள்ளி மினுக்கமும் பிறகு கபிலத் தழும்பும் இருக்கும். குருத்தை வெள்ளைத் தாளுக்கு மேல் தட்டினால் ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் வைக்கோல் நிறத் துணிக்கைகள் விழுந்து ஓடும். மற்றது சிற்றுண்ணி. அது தாக்கின இலை கீழ்நோக்கி மடிந்து, கவிழ்த்த வள்ளமாகும். இலை ஒடுங்கி, காம்பு நீண்டு, அடிப்பக்கம் வெண்கல நிறத்தில் முரடாகும். கண்ணுக்குத் தெரியாது, 0.2 மில்லிமீற்றர்தான். 20 மடங்கு பெருக்குகிற கண்ணாடியால் பார்த்தால் வெண்புள்ளிகள் வரிசையாகப் பதித்த, கண்ணாடி போன்ற நீள்வட்ட முட்டைகள் இலையோடு ஒட்டிக் கிடக்கும். அதைக் கண்டால் வேறு சாட்சி தேவையில்லை.

இதைப் பிரித்தறியாமல் மருந்தடிப்பதுதான் நட்டம். உண்ணி பூச்சி இனம் இல்லை. பூச்சிக்கென்று வருகிற பல மருந்துகள் அதைக் கொல்லாது, அதைத் தின்கிற நல்ல பிராணிகளைக் கொன்று அதற்கே வழி விடும். உண்ணிக்கு நனையும் கந்தகம் (தண்ணியில் கலந்து அடிக்கிற கந்தகத் தூள்) கேட்கும், பொதியில் போட்ட அளவில். 32 பாகைக்கு மேல் வெயிலில் அடித்தால் இலை கருகும், வேப்பெண்ணெய் அடித்து இரண்டு கிழமைக்குள்ளும் கூடாது. பனிப்பூச்சிக்கு ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணிக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், 2 மில்லிலீற்றர் சவர்க்காரத் திரவம்; பின்னேரம், இலையின் அடியில் படும்படி, 5 நாளைக்கு ஒருக்கால் மூன்று தரம்.

உங்கள் தோட்டத்துக்கு வருகிறேன். இலை சிறுத்து, மஞ்சள் பரவி, கண்டு குட்டையாகிப் பற்றையாக நின்றால் அது வெண் ஈ கொண்டுவருகிற வைரசு. மருந்து இல்லை, பிடுங்கி எரியுங்கோ. நெல்வயலுக்கு எம்சிபிஏ களைநாசினி அடித்த தாங்கியைச் சரியாகக் கழுவாமல் மிளகாய்க்குப் பாவித்தாலும் குருத்து முறுகி நூலாகும். அதைக் குருமன் என்று நினைத்து அதே தாங்கியால் திரும்ப அடிக்கிறவர்களும் உண்டு. வயலுக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்றாக இரண்டு தாங்கி வைத்திருங்கோ. புரட்டாதியில் கிணறு உவர்த்தால் இலை விளிம்பு கருகித்தான் சுருளும், அதற்கும் மருந்தில் வேலையில்லை.

மடிந்த பழைய இலை எதைச் செய்தாலும் நிமிராது. அடுத்து வருகிற இரண்டு குருத்தைப் பார்த்துத்தான் சுகப்பட்டதா என்று சொல்லலாம். உங்கள் கண்டின் படம் அனுப்பும்போது மேலிருந்து எடுக்காமல், குருத்திலிருந்து மூன்றாவது இலையைத் திருப்பிப் பிடித்து அடிப்பக்கம் தெரிய எடுத்து அனுப்புங்கோ. அக்காவைக் கொஞ்சம் செத்தல் மிளகாய் எடுத்து வைக்கச் சொல்லுங்கோ, இங்கே கிடைக்கிறதில் உறைப்பு இல்லை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மச்சான்