பட்டாணிக்கு நாலு வேளை

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. போனில் சொன்னால் பாதியைக் கேட்பாய், மீதிக்கு "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். உன் அம்மா வேறு ஸ்பீக்கரில் போடச் சொல்லி நடுவில் புகுந்துவிடுவாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நாய் போட்டோவைத் தம்பி காட்டினான். வேப்பேரி மாட்டாஸ்பத்திரியில் ரிட்டயர் ஆகிறவரை நாய்களோடு மல்லுக்கட்டினவன் நான். எனக்கு அனுப்பாமல், நாய் குரைத்தால் கதவுக்குப் பின்னால் நிற்கிற அவனுக்கு அனுப்பியிருக்கிறாய். சரி, போகட்டும்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். இடுப்பெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. எங்கள் டாக்டர்கள் நாய் உடம்புக்கு 1 முதல் 9 வரை மார்க் போடுவார்கள். 4, 5 என்றால் நல்ல உடம்பு, அதாவது விலா எலும்பு கைக்குத் தட்டுப்படும், கண்ணுக்குத் தெரியாது. உன் பட்டாணிக்கு நான் 2 தான் போடுவேன். 11 கிலோ என்றானே தம்பி, அந்த உயரத்துக்கு 16, 17 இருக்க வேண்டும். அதே போட்டோவில் உன் கையும் தெரிந்தது. அம்மா போட்ட வளையல் முழங்கை வரை ஏறி நிற்கிறது. லைட் வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறதோ என்னவோ.

கொண்டுவந்த அன்றைக்கே ஒரு தட்டு நிறையச் சோறு வைத்தாயாம், ராத்திரியெல்லாம் பேதியாம். பாவம் பார்த்து வைத்தாய், தெரிகிறது. ஆனால் பட்டினி கிடந்த உடம்புக்கு வயிறு நிறையக் கொடுப்பது ஆபத்து. அது தன் கொழுப்பையும் சதையையும் கரைத்துத்தான் உயிரை வைத்திருக்கிறது. திடீரென்று மாவுச்சத்து உள்ளே போனால் ரத்தத்தில் இருக்கிற பாஸ்பரஸ், பொட்டாசியம் எல்லாம் சட்டென்று இறங்கிவிடும். இதயம் தாங்காது. இரண்டாம் உலகப் போர் முடிந்து வதைமுகாம்களிலிருந்து வெளியே வந்தவர்களில் சிலர் நன்றாகச் சாப்பிட்ட பிறகே செத்துப்போனார்கள் என்று எங்கள் டாக்டர் ஒருவர் மாணவர்களுக்குச் சொல்லுவார், நான் பக்கத்தில் நாயைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டிருக்கிறேன்.

கணக்கு இதுதான். 11 கிலோ நாய் சும்மா படுத்துக் கிடக்கவே ஒரு நாளைக்கு 420 கலோரி போல வேண்டும். அதில் கால் பங்கில் ஆரம்பி. நாலைந்து நாளில் முழு அளவுக்கு வா. வயிறு ஏற்றுக்கொண்ட பிறகுதான் அதற்கு மேல். வெந்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராம் என்றால் 160 கலோரி, ஒரு கப் சோறு 200. நாலு வேளையாகப் பிரித்து வை. காலை 7, மத்தியானம் 12, சாயங்காலம் 5, ராத்திரி 9. நேரம் தப்பக் கூடாது. பட்டினி பார்த்த ஜீவனுக்கு அடுத்த வேளை கட்டாயம் வரும் என்கிற நம்பிக்கை வந்தால்தான் முழுங்கித் தள்ளாமல் சாப்பிடும்.

இங்கேதான் எனக்கு ஒன்று புரியவில்லை. நீ ஆபீஸ் போகிற நாளில் அந்த 12 மணி வேளையை யார் வைப்பது? மாப்பிள்ளைக்கு நாய் ஆகாதே. நம் வீட்டு நாய் ராணி வாசலில் படுத்திருந்ததற்கே தலை தீபாவளியன்று தும்மித் தும்மி, மூக்கெல்லாம் சிவந்து, லாட்ஜில் ரூம் எடுத்துத் தங்கியவர். இப்போது பட்டாணி அவருடைய சோபாவிலேயே காலை நீட்டிப் படுத்திருக்கிறது. தும்மல் தேவலையாகிவிட்டதா? இப்போதெல்லாம் அலர்ஜிக்கு நல்ல மருந்து வந்திருக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும்.

சாப்பாட்டில் உப்பு, மசாலா எதுவும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் தொடவே கூடாது, சிவப்பணுவை உடைத்துவிடும். ராணி நம் வீட்டு மீன் குழம்புச் சோறு தின்றுதானே வளர்ந்தாள் என்பாய். அவள் தப்பித்தாள், அவ்வளவுதான். வேகவைத்த எலும்பு கொடுக்காதே, சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். பால் வேண்டாம், பேதி இன்னும் போகும். தயிர் ஒரு ஸ்பூன் போதும். மஞ்சள் பூசணியை வேகவைத்து மசித்துக் கலந்தால் மலம் கட்டும். முட்டையை அவித்துக் கொடு. நெய் ஊற்றினால் சீக்கிரம் சதை போடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள், காதில் வாங்காதே. கணையம் கெட்டுப்போய் வந்த நாய்களை நான் பார்த்திருக்கிறேன். கோழிச்சோறு மட்டுமே மாதக்கணக்கில் போட்டால் கால்சியம் போதாது. அதனால் வயிறு சரியான பிறகு குட்டி நாய்களுக்கு விற்கிற தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு வாரம் பத்து நாளில் மாற்று. பெரிய நாய்த் தீனியைவிட அதில் சத்து அதிகம்.

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14ஓடு முடிந்துவிட்டது. காசிமேட்டில் மத்தி கூடை கூடையாக இறங்குகிறது. முள் எடுத்து வேகவைத்தால் பட்டாணிக்கு அமிர்தம். பெங்களூரில் கிடைப்பது எப்படி இருக்குமோ தெரியாது. உனக்கு மத்தி வறுவல் பிடிக்குமே, அம்மா நேற்றும் சொன்னாள். நீ என்ன சமைக்கிறாய் என்று கேட்டால் "ஏதோ செய்றேன்பா" என்கிறாய். அந்த "ஏதோ" என்ன என்று ஒரு நாளாவது சொல்லேன்.

அவசர அவசரமாக முழுங்குகிறது என்றால், அம்மா மிண்ட் தெருவில் வாங்கிக் கொடுத்த இட்லித் தட்டை எடு. மாப்பிள்ளை இட்லி தொடமாட்டார் என்று எப்படியும் பரணில்தான் கிடக்கும். ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் கொஞ்சமாக வை. நக்கி நக்கி நிதானமாகச் சாப்பிடும். சாப்பிடும்போது தட்டில் கை வைக்காதே. பல் லேசாகப் பட்டாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவு, அன்றைக்கே போய் ஊசி போட்டுக்கொள். கடித்ததா கீறியதா என்று யோசித்துக்கொண்டு உட்காராதே. இதில் எனக்கு விளையாட்டே கிடையாது.

சோறு மட்டும் போட்டால் எடை ஏறாது, செல்வி. உள்ளே ஏதோ தின்றுகொண்டிருந்தால் நீ போடுவதெல்லாம் அதற்குத்தான். மலத்தைப் பரிசோதனைக்குக் கொடு. கொக்கிப்புழு இருந்தால் ரத்தத்தை உறிஞ்சும். பூச்சி மருந்து எடைக்குத் தகுந்தபடி டாக்டர் கொடுப்பார், இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும், அதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பார். ரோஸாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். காதுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் உண்ணி ஒளிந்திருக்கும், தேடிப் பார். ரத்தம் எடுத்துப் பிளேட்லெட் எவ்வளவு என்று கேள். மருந்து எழுதினால் பெரும்பாலும் நாலு வாரம் போகும். இரண்டாவது வாரமே துள்ளிக் குதிக்கும், தேறிவிட்டது என்று நிறுத்திவிடாதே. தடுப்பூசியை எப்போது போடலாம் என்பதை டாக்டர் சொல்லட்டும். உடம்பு தேறாமல் நீயாக அவசரப்படுத்தாதே.

அந்த ரோட்டில் எத்தனை பேர் அதைத் தாண்டிப் போயிருப்பார்கள். நீதான் துப்பட்டாவில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினாய் என்று தம்பி சொன்னான். ஆட்டோக்காரர் கத்தினாராமே. தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்த டீக்கடை முழுக்கச் சொல்லிவிட்டேன். ஆனால் பெற்றவனுக்கு இதையெல்லாம் தம்பி வாயால்தான் தெரியவேண்டியிருக்கிறது. போன மாதம் நீ வருவதாகச் சொன்னதும், பிறகு வராததும்கூட அவன் வாயால்தான் தெரிந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவையும் கேட்கவிடவில்லை. பெரியம்மா வீட்டில் நடந்தது மாதிரி நம் வீட்டில் யாரும் யாரையும் நிற்க வைத்துக் கேள்வி கேட்க மாட்டோம், அது உனக்குத் தெரியும்தானே?

12 மணிக்குச் சோறு வைக்க ஆள் இல்லை என்றால் சொல். காலையில் சென்ட்ரலில் பிருந்தாவன் ஏறினால் மத்தியானம் பெங்களூர். நாய் தேறுகிறவரை இருப்பேன். எனக்கு ஹாலில் பாய் போதும். அம்மாவுக்கும் வரவேண்டும் என்றுதான் இருக்கிறது, நாய் முடி ஆகாது என்று சும்மா சொல்கிறாள்.

கடைசியாக ஒன்று, முக்கியம். வாரம் ஒரு தடவை எடை பார்க்க வேண்டும். நாய் தனியாக மெஷினில் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் வயிற்றில் முதலில் நீ மட்டும் ஏறி எண்ணைக் குறித்துக்கொள். அப்புறம் பட்டாணியைத் தூக்கிக்கொண்டு ஏறு. கழித்துப் போட்டு நாய் எடையை மட்டும் எழுதி அனுப்பாதே, நீ கணக்கில் அவசரக்காரி. இரண்டு எண்ணையும் அப்படியே எனக்கு அனுப்பு. கழிப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: இதோடு வருகிற பார்சலில் நெத்திலிக் கருவாடு இருக்கிறது. உப்பு, பட்டாணிக்குக் காட்டாதே. அது உனக்கு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு எண், மறந்துவிடாதே.