தாய்ப்பத்திரம் இல்லாத துப்பாக்கி

சால்ட் லேக் சிட்டி
ஞாயிறு இரவு

அன்புள்ள சுப்பையாவுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. முழங்கால் வலி குறைந்து மாடி ஏறி இறங்குகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மீனாவுக்கு மாதம் நெருங்கியிருக்குமே, அவளைக் கேட்டதாகச் சொல். நாங்கள் நலம். பேரனுக்குத் தினமும் அரை மணி நேரம் தமிழ் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். ‘ஞ’ வந்தால் மட்டும் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறான்.

பரண் ஒழிக்கும்போது உன் தாத்தாவின் துப்பாக்கி லைசென்ஸ் புத்தகம் கிடைத்தது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கு உங்கள் வீட்டுத் திண்ணைதான் கண்ணில் வந்தது. கடலைக் காட்டில் பன்றி இறங்கும் காலத்தில் தாத்தா அந்தக் குழலை எண்ணெய்த் துணியால் துடைப்பார். நாம் இருவரும் தொடாமல் பார்த்துக்கொண்டிருப்போம். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வருவார். துப்பாக்கி போய்விட்டது, காகிதம் இருக்கிறது. போன வாரம் நான் இதற்கு நேர்மாறான ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். நாற்பது வருடம் பத்திரம் எழுதிய உனக்குத்தான் இதைச் சொல்ல வேண்டும்.

இங்கிருந்து நாலு மணி நேரம் காரில் போனால் நெவாடா எல்லையில் பேக்கர் என்று ஒரு சின்ன ஊர். பக்கத்தில் கிரேட் பேசின் தேசியப் பூங்கா. 2014 நவம்பரில் பூங்காவின் தொல்லியல் ஆட்கள் மலைப்பக்கம் கணக்கெடுத்துக்கொண்டு போனபோது ஒரு ஜூனிபர் மரத்தில் ஒரு துப்பாக்கி சாய்த்து வைத்திருப்பதைக் கண்டார்கள். வின்செஸ்டர் 1873 மாடல். யாரோ இறக்கி வைத்த இடத்திலேயே, வெயிலிலும் பனியிலும், நூறு வருடத்துக்கு மேல் நின்றிருக்கலாம். அடிக்கட்டை சில அங்குலம் மண்ணில் புதைந்துபோயிருந்தது.

இப்போது அதைப் பேக்கரில் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். நான் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். கட்டை நரைத்து, வெயிலில் கிடந்த ஏர்க்கால் மாதிரி நெடுக வெடித்திருக்கிறது. குழல் முழுக்கத் துரு, மரப்பட்டையின் அதே பழுப்பு. மரத்தோடு மரமாக நின்றதால்தான் இத்தனை வருடம் எவர் கண்ணிலும் படவில்லை என்பது பார்த்தால் புரிகிறது. துடைத்து மெருகு போட்டுப் புதுசாக்காமல், கிடைத்த நிலையிலேயே இனிமேல் உதிராதபடி மட்டும் பக்குவம் செய்து வைத்திருக்கிறார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

சரி, பத்திரத்துக்கு வருகிறேன். துப்பாக்கியில் வரிசை எண் அழியாமல் இருந்தது. வயோமிங் மாநிலத்தில் கோடி என்ற ஊரில் துப்பாக்கி அருங்காட்சியகம் ஒன்று உண்டு. வின்செஸ்டர் கம்பெனியின் பழைய பேரேடுகள் அங்கேதான் இருக்கின்றன. அதில் எண்ணைத் தேடினார்கள். 1882இல் தயாராகி, அதே வருடம் கிடங்கிலிருந்து அனுப்பப்பட்டது என்று பதிவு இருக்கிறது. யாருக்கு அனுப்பினார்கள் என்ற விவரம் இல்லை. உன் பாஷையில் சொன்னால், பிறந்த தேதி இருக்கிறது, கிரயம் பெற்றவர் பெயர் விடுபட்டிருக்கிறது.

அந்த மாடலில் மொத்தம் 7,20,000க்கு மேல் செய்திருக்கிறார்கள், 1882இல் மட்டும் 25,000க்கு மேல். முதலில் 50 டாலர் விற்றது அந்த வருடத்தில் 25 டாலருக்கு வந்துவிட்டது. அதனால்தான் சாதாரண ஆட்கள் கைக்கும் போனது. ஆனால் மாடு ஓட்டுகிறவனுக்கு மாதச் சம்பளம் முப்பது, நாற்பது டாலர்தான் இருந்த காலம் அது. அப்படிப்பட்ட பொருளை ஒருவன் மரத்தில் சாய்த்துவிட்டு ஏன் திரும்பி வரவில்லை? அந்தப் பக்கம் சுரங்க வேலைக்காரர்கள் இருந்தார்கள், மாடு வளர்த்தவர்கள் இருந்தார்கள், மான் வேட்டைக்கு வந்தவர்களும் இருந்தார்கள். யாராகவும் இருக்கலாம்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது. உள்ளே தோட்டா கிடக்கிறதா என்று பார்க்க, கோடி ஊர் மருத்துவமனையிலேயே துப்பாக்கிக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். குழல் பக்கம் காலி. ஆனால் அடிக்கட்டைக்குள், துடைக்கும் கம்பி வைக்கிற பொந்தில், ஒரே ஒரு தோட்டா. வெளியே எடுத்துப் பார்த்தால் யூனியன் மெட்டாலிக் கார்ட்ரிட்ஜ் கம்பெனியின் சரக்கு, 1887க்கும் 1911க்கும் இடையில் செய்தது. யோசித்துப் பார் சுப்பையா. பேரேட்டில் 1882க்குப் பிறகு ஒரு எழுத்து கிடையாது. ஆனால் இந்தத் தோட்டா குறைந்தது 1887 வரையிலாவது அது ஒருவன் கையில் இருந்தது என்று சாட்சி சொல்கிறது. பெயர் தெரியாத அந்த ஆள் தன் கையால் உள்ளே போட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. பில்லி த கிட் என்ற கொள்ளைக்காரனை 1881இல் பாட் காரெட் என்ற ஷெரீஃப் சுட்டுக்கொன்றார். அந்தக் கைத்துப்பாக்கி பின்னால் எல் பாசோவில் ஒரு மதுக்கடைக்காரரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் இறந்த பிறகு, காரெட்டின் விதவை அபோலினாரியா 1930களில் அது தன்னுடையது என்று வழக்குப் போட்டு ஜெயித்து வாங்கினார். 2021இல் அது 60 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. ஊரெங்கும் ‘இதுதான் பில்லியைச் சுட்டது’ என்று ஆளுக்கொன்று காட்டலாம். ஆனால் இதற்குக் கோர்ட் தீர்ப்பு இருக்கிறது. சொல்கிற கதையும் பதிந்த பத்திரமும் ஒன்றாகாது என்று கட்சிக்காரர்களிடம் நீ தொண்டை வறளச் சொல்வாயே, அந்த வித்தியாசத்துக்குத்தான் அத்தனை விலை.

பூங்காக்காரர்களிடம் எனக்கு மரியாதை வந்தது இதனால்தான். எங்கள் தாத்தா தொலைத்தது, அந்தக் கொள்ளைக்காரன் ஒளித்தது என்று எதையாவது ஒட்டிவிட்டால் கூட்டம் கூடும். அவர்கள் ஒட்டவில்லை. தெரிந்ததை எழுதி, தெரியாத இடத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்த வெற்றிடத்தைப் பார்க்கத்தான் நான் அவ்வளவு நேரம் நின்றேன் என்று இப்போது தோன்றுகிறது.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அந்த லைசென்ஸ் புத்தகத்தைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதே. ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. புதுப்பித்த முத்திரைகள், துப்பாக்கியின் எண், கடைசியாக ஒப்படைத்த தேதி எல்லாம் தெரிகிற மாதிரி எடு. தாத்தாவுக்கு முன்னால் அது யாரிடம் இருந்தது என்று பெரியப்பாவிடம் கேட்டு, அவர் சொன்னபடியே, சொன்ன தேதியும் போட்டு ஒரு தாளில் எழுதி உள்ளே வை. அவருக்குத் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுது.

தை மாதம் வருகிறோம். டிக்கெட் எடுத்தாயிற்று.

அன்புடன்,
ராமு