சதுப்பு நடைபாதைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

ஆற்றங்கரைச் சதுப்பின் ஊடாகச் செல்லும் மரநடைபாதை இப்போது பொதுமக்களின் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. இதற்காக உழைத்தவர்களுள் பலர் திறப்பு விழா மேடையில் ஏறாதவர்கள் என்பதால், அவர்களுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடனைப் பலரறியச் சொல்வதற்காக இம்மடலை எழுதுகிறோம்.

முதல் நன்றி ஆற்று மீனவர்களுக்கு. வரைபடத்தில் வெறும் பச்சைப் பரப்பாகத் தெரிந்த இடத்தில், எந்த ஓடை அமாவாசை நாளின் கடல் ஏற்றத்தில் கரை தாண்டும், எந்தச் சேறு ஆளை இழுக்கும், மீன்குஞ்சுகளும் இறால்குஞ்சுகளும் எந்த வழியே உள்ளே வந்து ஒதுங்கும் என்பதையெல்லாம் அவர்கள் உடன்வந்து காட்டினார்கள். பாதை நேர்கோடாக இல்லாமல் வளைந்து செல்வது அவர்கள் சொல்லைக் கேட்டதால்தான். அதனால் ஓர் ஓடையைக்கூட அடைக்க நேரவில்லை.

சதுப்பு மண் தொடர்ந்து மிதிபட்டால் இறுகிப்போகும், புல்லின் வேர் சாகும், வேர்ப்பிடிப்பு இழந்த மண்ணை அடுத்தடுத்த ஏற்றவற்றங்கள் அரித்துக்கொண்டு போகும். இதை மனத்தில் வைத்தே பொறியாளர்கள் பாதையைத் தரையிலிருந்து உயர்த்தி, வெயிலும் மழையும் கீழே இறங்கும்படி பலகைகளுக்கிடையே இடைவெளி விட்டு, குழி தோண்டாமல் திருகி இறக்கும் இரும்புத் தூண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். செலவு கூடியபோதும் இந்த மூன்றில் எதையும் அவர்கள் விட்டுக்கொடுக்காததற்கு எங்கள் வணக்கம்.

ஆயினும் மிகப் பெரிய கடன் பலகை சுமந்த தொழிலாளர்களிடம்தான். சதுப்பில் பதியும் வண்டித்தடம் பல ஆண்டுகள் மறையாது என்பதால் கனரக வண்டி எதுவும் உள்ளே இறங்கவில்லை. தூண்களும் சட்டங்களும் தோளிலேயே வந்தன. போட்டு முடித்த பலகைமேல் நின்றே அடுத்த தூணை இறக்கி, அதன்மேல் அடுத்த பலகையைப் பொருத்தி, சேற்றில் கால் வைக்காமலேயே முன்னேறினார்கள். கடல் ஏற்றம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துவதால் அவர்களுடைய வேலை நேரமும் அதனோடு சேர்ந்து நகர்ந்தது. ஒரு வாரம் விடியலில் தொடங்கிய வேலை அடுத்த வாரம் நண்பகலில் தொடங்கியது. உணவையும் உறக்கத்தையும் நிலவின் கணக்குக்கு மாற்றிக்கொள்வது எளிதன்று. பறவைகள் கூடு கட்டிய பருவத்தில் பணியை நிறுத்தி, கூலிநாள் குறைந்தும் பொறுத்திருந்ததை நாங்கள் மறக்க மாட்டோம்.

சக்கர நாற்காலியில் வந்து பாதையைச் சோதித்துத் தந்த நண்பர்களுக்குத் தனி நன்றி. சரிவின் அளவையும், சக்கரம் நழுவாதபடி ஓரத்தில் எழுப்பிய விளிம்புக் கட்டையையும் அவர்கள் சரிபார்த்தார்கள். அமர்ந்திருப்பவரின் பார்வைக்குக் குறுக்கே கைப்பிடிக் கம்பி வருகிறது என்று அவர்கள் சுட்டிக்காட்டிய பிறகே பார்வை மேடைகளில் அதன் உயரம் மாற்றப்பட்டது. நின்று பார்ப்பவர் எவருக்கும் அது தோன்றியிருக்காது.

வழிவிட்ட நில உரிமையாளர்களுக்கும், பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு பொருள் தந்தவர்களுக்கும் நன்றி.

பாதையைக் கட்டியதோடு வேலை முடிவதில்லை. பௌர்ணமி ஏற்றம் கொண்டுவந்து சேர்க்கும் குப்பையை அகற்றவும், நிழல் விழும் பகுதிகளில் வழுக்கும் பாசியைத் தேய்த்து எடுக்கவும், உப்புநீரில் துருப்பிடித்த மரையாணிகளைக் கண்டறிந்து மாற்றவும் தன்னார்வலர்கள் இப்போதே வரத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கும், இனி அவர்களோடு சேர்ந்துகொள்ள இருப்பவர்களுக்கும் எங்கள் உளமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
நடைபாதைப் பணிக்குழுவினர்