கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் பயாஸைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டுக் கணினி பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, கேம் திணறினால், திரையில் படத்தை வரைந்து காட்டும் புது கிராபிக்ஸ் கார்டு போடச் சொல்கிறது. கணினியை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பான பயாஸ் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நான் டிவி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது உறவினர், அக்கம்பக்கத்தார் வீட்டுக் கணினிகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். தேவையே இல்லாமல் கார்டு வாங்குகிறார்கள். வாங்கிய கார்டும் சில வீடுகளில் வேலை செய்யாமல் பெட்டிக்குள் கிடக்கிறது. பார்க்கப் பொறுக்கவில்லை.

எதிர் வீட்டுப் பெண் கட்டடக்கலை படிக்கிறாள். "மாமா, கார்டு போட்டும் 3டி மாடல் விட்டுவிட்டுத்தான் சுத்துது" என்று வந்து நின்றாள். பொருத்திக் கொடுத்தவர், கார்டே கோளாறு, வேறு வாங்குங்கள் என்று சொல்லிவிட்டாராம். பெட்டியின் பின்பக்கம் பார்த்தேன். மானிட்டர் கேபிள் கார்டில் இல்லாமல், எல்லாப் பாகங்களும் அமரும் முதன்மைப் பலகையான மதர்போர்டில் செருகியிருந்தது. பயாஸில் பிரைமரி டிஸ்ப்ளே என்ற இடத்திலும், கணினியின் மூளையான பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸையே தேர்ந்திருந்தார்கள். அதை பிசிஐஇ (தனிக் கார்டு செருகும் ஸ்லாட்) என்று மாற்றி, கேபிளைக் கார்டில் செருகினேன். மாடல் தடையில்லாமல் சுழன்றது. கார்டில் ஒரு குறையும் இல்லை.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். இன்டெல் பிராசஸர் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால், உதாரணமாக ஐ5 12400எஃப், அதற்குள் கிராபிக்ஸே கிடையாது. மதர்போர்டில் எச்டிஎம்ஐ துளை இருக்கும், ஆனால் படம் வராது. கணினியே போய்விட்டது என்று பதறுகிறார்கள்.

சரி, தனிக் கார்டே இல்லாத கணினிக்கு வருவோம். உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, கணினியின் பொது நினைவகமான ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். எவ்வளவு ஒதுக்குவது என்பது பயாஸில் இருக்கிறது. 8 ஜிபி ரேமில் 2 ஜிபியை அதற்குக் கொடுத்துவிட்டால் மற்ற எல்லா வேலைக்கும் 6 ஜிபிதான். ஒதுக்கீட்டைக் கூட்டினால் வேகம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலும் கூடாது, ஏனென்றால் தேவைப்படும்போது கிராபிக்ஸை இயக்கும் மென்பொருளான டிரைவரே ரேமிலிருந்து கூடுதலாக எடுத்துக்கொள்ளும். உண்மையில் வேகத்தைத் தீர்மானிப்பது ரேம்தான். 3200 என்று அச்சிட்ட ரேம் பல வீடுகளில் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கிறது. பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கினால்தான், மதர்போர்டும் பிராசஸரும் இடம் கொடுக்கும் பட்சத்தில், சொன்ன வேகம் வரும். அப்புறம், ஒரே 16 ஜிபி ரேமைவிட இரண்டு 8 ஜிபி ரேம்களைச் சரியான ஸ்லாட்டுகளில் போடுவது உள்ளிருக்கும் கிராபிக்ஸுக்குப் பெரிய உதவி. தரவு போகும் பாதை இரட்டிப்பாகிறது. கார்டு வாங்க நினைத்திருந்த ஒரு வீட்டில் இந்த இரண்டை மட்டும் செய்தேன். அந்தப் பையன் அதற்குப்பிறகு கார்டுப் பேச்சையே எடுக்கவில்லை.

கார்டு வாங்கியே தீர வேண்டும் என்றாலும் ஜிபியை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். என்விடியாவின் ஜிடி 1030 ஒரே பெயரில் இரண்டு வகையாக வந்தது. இரண்டிலும் 2 ஜிபிதான். ஆனால் ஜிடிடிஆர் 5 நினைவகம் உள்ளது வினாடிக்குச் சுமார் 48 ஜிபி தரவைக் கையாளும். டிடிஆர் 4 உள்ளது சுமார் 17 ஜிபிதான். அட்டைப்பெட்டியின் மூலையில் உள்ள சின்ன எழுத்தில்தான் இந்த வித்தியாசம் தெரியும்.

புதுக் கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் என்ற அமைப்பும் முக்கியம். அது இல்லாவிட்டால் பிராசஸர் கார்டின் நினைவகத்தில் ஒரு நேரத்தில் 256 எம்பி பகுதியை மட்டுமே அணுக முடியும். இன்டெல் ஆர்க் கார்டுகள் இது இல்லாமல் நன்றாகவே தடுமாறும். ஆனால் இதை இயக்க, பயாஸில் சிஎஸ்எம் என்ற, கணினியைத் தொடங்கும் பழைய முறையை அணைத்தாக வேண்டும். வட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் பழைய முறையான எம்பிஆரில் விண்டோஸ் நிறுவப்பட்டிருந்தால், சிஎஸ்எம்மை அணைத்ததும் கணினி விண்டோஸுக்குள் போகாது. அதனால் விண்டோஸில் உள்ள டிஸ்க் மேனேஜ்மென்டில், வட்டு புதிய முறையான ஜிபிடியா, எம்பிஆரா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டிக்கொண்டாலும் கவலை வேண்டாம், சிஎஸ்எம்மைத் திரும்ப இயக்கினால் பழையபடி திறக்கும்.

பயாஸ் என்றாலே பயப்படுகிறார்கள். டிவியில் நாங்கள் திறந்து பார்த்த சர்வீஸ் மெனுவைப் போன்றதுதான் அதுவும். ஆன் செய்ததும் டெலிட் அல்லது எஃப் 2 விசையைத் தட்டினால் திறக்கும். சேமிக்காமல் வெளியேறினால் எதுவும் மாறாது. மாற்றும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வோல்டேஜ் என்று இருக்கும் பக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். பயாஸை அப்டேட் செய்வதும் வேறு விஷயம். நடுவில் மின்சாரம் போனால் மதர்போர்டே எழாமல் போகலாம். மாற்றிய அமைப்பும் தேதியும் அடிக்கடி பழையபடி திரும்பினால், சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். அதை நாமே மாற்றிவிடலாம்.

கணினி பொருத்திக் கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கார்டின் முழுப் பெயர், அதன் நினைவக வகை, ரேம் இப்போது ஓடும் வேகம், பயாஸில் மாற்றியவை, இவற்றை ஒரு தாளில் எழுதிப் பெட்டியோடு கொடுங்கள். உங்கள் நாளிதழும் பயாஸ் திரையின் படங்களோடு, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தமிழில் ஒரு முழுப்பக்கம் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டிவி மெக்கானிக், உங்கள் வாசகர்