மசாலா டீத்தூளை வீட்டிலேயே அரைத்துக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோத்தகிரியிலிருந்து ஊருக்குக் கிளம்பினால் சொந்தக்காரர்கள் கேட்பது வர்க்கியும் டீத்தூளும்தான். போன பொங்கலுக்கு ஒரு கடையில் மசாலா டீத்தூள் வாங்கிக் கொடுத்தேன், பிரித்ததும் எசென்ஸ் வாடைதான் தூக்கியது, ஏலக்காய்த் தோல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அன்றிலிருந்து நானே அரைக்கிறேன்.

கால் கிலோ டீத்தூளுக்கு சுக்கு 20 கிராம், ஏலக்காய் 10 கிராம், கிராம்பு, பட்டை, மிளகு தலா 5 கிராம் போதும். கூடலூர்ப் பக்கத்து ஏலக்காயும் மிளகும் கிடைத்தால் விடாதீர்கள்.

இந்த மசாலாச் சாமான்களைக் காயவைக்கக் கீழே சமவெளியில் ஒரு நாள் வெயில் போதும். நம் மலையில் மேகம் இறங்கினால் எல்லாமே நமுத்துப் போகும், சுக்கை உடைத்தால் டக்கென்று முறியாமல் நாராக வளையும், அப்படியே அரைத்துக் கலந்துதான் முதல் தடவை ஒரு கிலோ தூள் பூசணம் பிடித்து வீணானது. அதனால் இரும்புச் சட்டியில் சிறு தீயில் கை பொறுக்கும் சூட்டுக்கு வறுத்து, நன்றாக ஆறவிட்டு, அப்புறம் அரையுங்கள். டீத்தூளை மட்டும் வறுக்கவே கூடாது, மணம் போய்விடும்.

கண்ணாடி பாட்டிலில் போட்டு, என்னென்ன சேர்த்தோம் என்று ஒரு சீட்டு ஒட்டிக் கொடுக்கிறேன். கடைக்காரர்களும் அந்தச் சீட்டை ஒட்டட்டும், சேர்த்தது எசென்ஸ் என்றால் அதையும் பெரிய எழுத்தில் போடட்டும். நீலகிரித் தேயிலையை நம்பித்தானே வெளியூர்க்காரர்கள் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரி வாசகி