ஆறு வீடுகளுக்கு நல்ல தண்ணீர் வேண்டி மாணவர்கள் அளிக்கும் கோரிக்கை மனு

நாள்: 06.01.2025

அனுப்புநர்
நாட்டு நலப்பணித் திட்ட மாணவ மாணவியர்,
வேதாரண்யம் வட்டம்,
நாகப்பட்டினம் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாகப்பட்டினம்.

பொருள்: கலைஞரின் கனவு இல்லம் திட்ட வீடுகள் – மாணவர் சிறப்பு முகாமில் கட்டுமான உதவி – நல்ல தண்ணீர், ஓவர்சியர், தங்குமிடம் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட அணியில் இருந்து 50 பேர், அதில் 24 பேர் மாணவிகள், வரும் 17.02.2025 முதல் 23.02.2025 வரை ஏழு நாள் சிறப்பு முகாமுக்குப் போகிறோம். நாங்கள் தத்தெடுத்துள்ள கிராமத்தில், குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு கட்ட அரசு நிதி தரும் கனவு இல்லம் திட்டத்தில் ஆணை வாங்கியும் வேலை நகராமல் நிற்கிற ஆறு வீடுகளில் உடலுழைப்புக் கொடுப்பதுதான் இந்த முறை எங்கள் வேலை. ஊரின் பெயரும் பயனாளிகள் பட்டியலும் இணைப்பில் உள்ளன.

ஆறு வீடுகளுக்கும் பட்டா இருக்கிறது, ஆணை இருக்கிறது, திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாயும் இருக்கிறது. ஆள்தான் இல்லை. தை பிறந்தால் எங்கள் பக்கம் சம்பா அறுவடை ஒருபுறம், உப்பளத்தில் பாத்தி கட்டும் வேலை மறுபுறம். கொத்தனார் கிடைத்தாலும் சித்தாள் கிடைப்பதில்லை. வீட்டில் தெம்புள்ள ஆள் இருப்பவர்கள் தாங்களே மண் சுமந்து சமாளித்துக்கொள்கிறார்கள். இந்த ஆறு வீடுகளிலும் இருப்பவர்கள் தனியாக வாழும் முதியவர்களும் கணவரை இழந்த பெண்களும். அவர்களில் ஒரு ஆயாவின் குடிசைக்கூரையில், 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்த பிறகு நிவாரணமாகக் கொடுத்த தார்ப்பாய் இன்னும் கிடக்கிறது. நைந்த இடங்களில் உரச்சாக்கு வைத்துத் தைத்திருக்கிறார். கடைக்காலுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு இரண்டு மாதம் ஆகிறது. கோட்டின் மேல் ஆடு நடந்து பாதி அழிந்துவிட்டது.

எங்களுக்கு வீடு கட்டத் தெரியாது ஐயா, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மார்கழி பிறந்ததிலிருந்து சனிக்கிழமைதோறும் உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் கல்லூரி மைதானத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். மணல் சலிப்பது, சும்மாடு கட்டிச் சட்டி தூக்குவது, வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவது, சாந்து குழைப்பது. முதல் நாள் கையுறை இல்லாமல் சிமெண்டைத் தொட்ட மூன்று பேருக்கு விரல் இடுக்கெல்லாம் வெந்துபோனது. இப்போது அனைவரிடமும் ரப்பர் கையுறை இருக்கிறது, தடுப்பூசியும் போட்டாயிற்று. தூக்குக்குண்டும் ரசமட்டமும் கொத்தனார் கையிலேயே இருக்கும். நாங்கள் சித்தாள் வேலை மட்டும்தான் செய்வோம். இதனால் யாருடைய பிழைப்பாவது கெடுமா என்று ஊரில் கேட்டோம். "உப்பளத்துல ஆள் பத்தல, நீங்க வேற!" என்று சிரித்தார்கள்.

சரி, எங்கள் முதன்மையான கோரிக்கைக்கு வருகிறோம். அது தண்ணீர்.

அந்த ஊரில் எங்கே கைபம்பு அடித்தாலும் உப்புக் கரிக்கிறது. எங்கள் வேதியியல் ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்தோம். இரும்புக் கம்பி போடும் கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. கைபம்புத் தண்ணீர் அதைத் தாண்டிவிட்டது. இந்தத் தண்ணீரில் கூரைத் தளம் போட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சியம் அதே தெருவில் நிற்கிறது. பழைய தொகுப்பு வீடு ஒன்றில் கூரைப் பூச்சு விழுந்து கம்பி வெளியே தெரிகிறது. விரலால் சுரண்டினால் துரு அப்பளம் போல ஏடு ஏடாக வருகிறது. வீட்டுக்காரர் அந்த அறையில் படுப்பதை விட்டுவிட்டு, திண்ணையில் படுக்கிறார். உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும், துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். புது வீட்டுக்கும் அதே கதி வரக் கூடாது. 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரைத் தளம். அதில் கலக்கும் தண்ணீரில் கோட்டைவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

ஒரு மூட்டை சிமெண்டுக் கலவைக்கு 25 லிட்டர் அளவுக்குத்தான் தண்ணீர். ஆனால் அப்புறம் கான்கிரீட் நன்றாக இறுக நாள் தவறாமல் தண்ணீர் விட வேண்டுமே, அதற்குத்தான் அதிகம் போகிறது. எனவே, கொள்ளிடம் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயிலிருந்தோ வேறு நல்ல நீர் ஆதாரத்திலிருந்தோ முகாம் நாட்களில் தினமும் ஒரு டேங்கர் லாரித் தண்ணீர் வர உத்தரவிட வேண்டுகிறோம். குடிதண்ணீருக்கே வரிசை நிற்கிற ஊரில் கட்டடத்துக்குத் தண்ணீர் கேட்பது எங்களுக்கும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. ஊர் விநியோகத்தில் கைவைக்காமல் தனி நடையாக அனுப்பினால் நல்லது. இறக்கி வைக்க ஆறு வீட்டு வாசலிலும் பிளாஸ்டிக் டிரம் வைப்பது எங்கள் பொறுப்பு.

அடுத்தது நேரம். போன வருட முகாம் வேறொரு ஊரில். வீடு கட்ட உதவப் போகிறோம் என்று போனோம். சிமெண்டும் வரவில்லை, கம்பியும் வரவில்லை. மூன்று நாள் கருவேலஞ்செடி வெட்டினோம், நான்காம் நாள் ஒரு சுவருக்கு வெள்ளை அடித்தோம், படம் எடுத்தார்கள், திரும்பி வந்தோம். ஆகையால் 17ஆம் தேதிக்கு முன்பே பொருட்கள் அந்தந்த வீட்டுக்கு வந்து சேர ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு அறிவுறுத்த வேண்டும். ஏழு நாளும் காலையில் ஒரு மணி நேரமாவது ஓவர்சியர் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். மணல் பூமி என்பதால் கடைக்கால் தோண்டத் தோண்டச் சரியும். எவ்வளவு ஆழம் என்பதை எங்கள் இஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியாது.

தங்குவதற்குப் பள்ளிக்கூடம் கேட்க முடியவில்லை, வகுப்பு நடக்கும் நாட்கள். ஊருக்கு அருகில் உள்ள புயல் பாதுகாப்பு மையத்தைத் திறந்துவிட்டால் போதும். கழிப்பறை விளக்குகளை மட்டும் சரிபார்த்துத் தர வேண்டும். மாணவிகள் தரப்பில் இதை அழுத்திச் சொல்லச் சொன்னார்கள். சாப்பாட்டுச் செலவு முகாம் நிதியில் பார்த்துக்கொள்கிறோம்.

ஏழு நாளில் எந்த வீடும் முடியாது. நான்கு வீடுகளைக் கடைக்காலிலிருந்து தரைமட்டத்துக்குக் கொண்டுவரலாம், சுவர் எழும்பிய இரண்டு வீடுகளுக்குத் தளம் போடும் நாளில் கை கொடுக்கலாம். தளம் போட்ட பிறகு தண்ணீர் விடும் வேலைக்குப் பக்கத்து ஊர்களில் குடியிருக்கும் எட்டு மாணவர்கள் முறை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். காலையும் மாலையும் பதினான்கு நாள். அந்த இரண்டு வீடுகளுக்கு மட்டும் முகாம் முடிந்த பிறகும் டேங்கர் தொடர வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நாட்டு நலப்பணித் திட்ட மாணவ மாணவியர் (50 பேர் கையொப்பம் தனித்தாளில்)

இணைப்பு: பயனாளிகள் பட்டியல், பணி ஆணை நகல்கள், தண்ணீர்ச் சோதனை அறிக்கை, கல்லூரி முதல்வரின் அனுமதிக் கடிதம்.

நகல்: வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி), வேதாரண்யம்.